பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை

போன வாரம் உங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கடைக்கு வந்திருந்தேன். அப்போது ஒருவர் சின்ன கிட்டாருக்கு உறை கேட்டு வந்தார். உங்களில் ஒருவர், யாரென்று சொல்லமாட்டேன், “இன்னா சைஸ் சார்?” என்று கேட்டீர்கள். அவர் சொன்னதும் கொக்கியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தீர்கள். இரண்டே நிமிடத்தில் வேலை முடிந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. நானும் பல வருஷம் அப்படித்தான் விற்றேன். அளவைக் கேட்டதோடு நிறுத்திக்கொண்டதால் ஒரு முறை எனக்கு நேர்ந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது. நேரில் சொன்னால் நடுவில் நான்கு பேர் தந்திக் கம்பி கேட்டு வருவார்கள். அதனால் எழுதித் தருகிறேன்.

வில்லியனூர் கடைத்தெருவில் இந்த இசைக்கருவிக் கடையின் கவுன்ட்டரில் இருபத்தாறு வருஷம் நின்றவள் நான். எனக்கு ஒரு கருவியும் வாசிக்கத் தெரியாது. அது ஒரு குறை என்று நான் நினைத்ததில்லை. வாசிக்கத் தெரிந்தவர்கள் கவுன்ட்டரில் நின்றால் தாங்களே வாசித்துக் காட்ட ஆரம்பித்துவிடுவார்கள், வந்தவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். என்னிடம் அந்தத் தொல்லை கிடையாது. ஆனால் வேறொரு வீம்பு இருந்தது. என் கவுன்ட்டருக்கு வந்த யாரும் வெறுங்கையோடு இறங்கிப் போகக்கூடாது. கேட்டது இல்லையென்றால் அதற்குப் பக்கத்தில் இருக்கிற ஒன்றையாவது எடுத்து வைத்துப் பேசி அனுப்பிவிடுவேன்.

இளவரசி மடுகரைக்காரி. அப்பா கரும்பு போடுகிறவர். பிள்ளையார்குப்பம் பக்கம் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற வேலை அவளுக்கு. நம் கடையில்தான் முக்கால் அளவு கிட்டார் ஒன்று வாங்கியிருந்தாள். இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் அதற்குக் கெட்டியான பெட்டி வேண்டும் என்று வந்தாள்.

“இனிமே வூட்டுக்கு வூடு போயி பேஷண்ட்டப் பாக்கணும்கா. துணிப்பையில வச்சா பயமா இருக்குது.”

முக்கால் அளவில் கெட்டிப் பெட்டி அன்றைக்கு என்னிடம் இல்லை. முழு அளவில் ஒன்று இருந்தது. கறுப்புப் பெட்டி, நான்கு பூட்டு, மேலே ஏறி நின்றாலும் நெளியாது. அதை எடுத்து வைத்தேன். அவள் கிட்டாரை உள்ளே வைத்துப் பார்த்தோம். பெரியவர் சட்டையைச் சின்னப் பிள்ளைக்குப் போட்ட மாதிரி இருந்தது.

“சுத்தி ஒரு துண்டு வச்சிக்க, சரியாயிடும். வேற எங்கயும் இவ்ளோ ஸ்ட்ராங்கா கெடைக்காது” என்றேன்.

அவள் பாவம், நம்பி வாங்கிக்கொண்டு போனாள். எதில் எடுத்துப் போவாய் என்று நான் கேட்கவே இல்லை.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அதே பெட்டியோடு திரும்பி வந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, சுடிதாரில் மண். பெட்டியைக் கவுன்ட்டரில் வைத்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

“இன்னா ஆச்சு இளவரசி?”

“பாகூர் திருப்பத்துல மணல்ல வண்டி வழுக்கிடுச்சுக்கா. மெதுவாத்தான் வந்தேன். பின்னாடி சீட்டுல கட்டியிருந்த பெட்டி கீழ உழுந்துடுச்சு. பெட்டிக்கு ஒண்ணும் ஆவல. உள்ளதான்...”

திறந்தேன். கிட்டாரின் தலை கழுத்திலிருந்து உடைந்து, கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தது. துண்டு ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. அகலமான பெட்டிக்குள் கிட்டார் போய்ப் போய் இடித்திருக்கிறது. பெட்டி கெட்டியாக இருந்ததால் அந்த அடியைத் தான் கொஞ்சமும் வாங்கிக்கொள்ளாமல் முழுவதையும் உள்ளே இருந்ததற்குக் கொடுத்துவிட்டது.

அப்போது நான் சொன்ன முதல் வார்த்தையை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. “நீ சரியா கட்டியிருக்கணும்மா” என்றேன். தப்பு நம்முடையது என்று தெரிந்த அந்த நொடியில் வாய் இப்படித்தான் போகும். உங்களுக்கும் போகும்.

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் என் பேச்சைக் காதில் வாங்கவே இல்லை. “ஞாயித்துக்கெழம காலைல பத்து மணிக்கு நிச்சயதார்த்தம்கா. அதுக்குள்ள சரியாவுமா?” என்றாள்.

“ஒனக்கா?”

“எனக்கில்லக்கா. எங்க பேஷண்ட்டோட பொண்ணுக்கு.”

பூரணாங்குப்பத்தில் கலியமூர்த்தி என்று ஒருவர். கடலுக்குப் போகிறவர். பக்கவாதம் வந்து வலது கை சரியாக வேலை செய்யவில்லை, பேச்சும் போய்விட்டது. மற்றவர் பேசுவது எல்லாம் புரியும். பதில் சொல்லப் போனால் “அத... அத...” என்று மட்டும்தான் வரும். அதற்கு மேல் வராமல் அவரே தலையில் அடித்துக்கொள்வாராம். ஆனால் பாட்டு என்றால் வார்த்தை வந்தது.

“பேசுற எடம் ஒண்ணு, பாடுற எடம் ஒண்ணுக்கா மூளையில. அவருக்குப் பேசுற எடத்துலதான் அடி. நான் அவரப் பாட்டு வழியா கூட்டிக்கினு வர்றேன்.”

அவருடைய மகள் சுகந்திக்குப் பக்கத்துக் குப்பத்தில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். தட்டு மாற்றும்போது பெண்ணின் அப்பா எழுந்து, பெண்ணைக் கொடுக்கிறேன் என்று சபையில் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை இளவரசி சின்ன மெட்டில் போட்டு, முதலில் ஆஸ்பத்திரியில், பிறகு வீட்டில் என்று இரண்டு மாதமாகப் பழக்கியிருந்தாள். கலியமூர்த்தி கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் அதன் பலகையில் தாளம் தட்டுவார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கம்பியை மீட்டுவாள். தட்டத் தட்ட ஒவ்வொரு வார்த்தையாக வெளியே வரும். அவர் சொல்லாவிட்டால் மைத்துனர் சொல்லிவிடுவதாக ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைக் கேட்டுத்தான் அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம்.

இதைக் கேட்டதும் உள்ளே போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் துண்டு வைக்கச் சொன்னதையும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உடைந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“சுத்தமா ஒடஞ்சிருக்குது. நல்லதாப் போச்சு. இப்பவே பசை போட்டு இறுக்கிடுறேன். ஞாயித்துக்கெழம காலைல வரைக்கும் யாரும் கைய வெக்கக் கூடாது. கம்பிய ரெண்டு சுருதி எறக்கித்தான் கட்டணும்.”

“எறக்கிக் கட்டுனா பரவாயில்ல சார். அவரு கொரலும் கீழதான்” என்றாள் இளவரசி. அன்றைக்கு அவள் முகத்தில் முதலில் சிரிப்பைப் பார்த்தது அப்போதுதான்.

எனக்கு மட்டும் பொறுக்கவில்லை. ஞாயிறு வரை காத்திருப்பானேன், கடையில் இருக்கிற வேறு கிட்டாரைக் கொடுத்தால் ஆயிற்று என்று நினைத்தேன். பள்ளி விடுமுறை நேரம், சின்ன கிட்டார் அத்தனையும் விற்றிருந்தது. முழு அளவில் நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டு அன்று மாலையே இளவரசியோடு பூரணாங்குப்பம் போனேன். பாருங்கள், பெட்டியில் செய்த அதே தப்பை நான்கு மணி நேரத்துக்குள் கிட்டாரிலும் செய்தேன்.

கலியமூர்த்தி வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி தேவகி எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார். “வாங்க டாக்டரம்மா” என்று இளவரசியைக் கூப்பிட்டுவிட்டு, என் கையிலிருந்த பெரிய கிட்டாரைப் பார்த்து நின்றுவிட்டார்.

மடியில் வைத்துப் பார்த்தோம். வலது கையால் அணைக்க முடியாததால் கிட்டார் நழுவியது. தட்ட வேண்டிய இடம் இடது கைக்கு எட்டவில்லை. இரண்டு முறை முயன்றார். மூன்றாவது முறை அதைத் தள்ளிவிட்டு, “அத... அத...” என்று இளவரசியின் வண்டியைக் காட்டினார். சின்னது எங்கே என்று கேட்கிறார்.

நான் அவர் எதிரில் போய் நின்று, “அண்ணே, அது ஒடஞ்சுடுச்சு. நான் குடுத்த பெட்டி சரியில்ல. ஞாயித்துக்கெழம காலைல நானே எடுத்துக்கினு வர்றேன்” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு இடது கையை நீட்டி, பந்தல்காலைப் பிடித்திருந்த ஆளைக் காட்டி, அந்தக் கால் கோணலாக இருக்கிறது என்று சைகை செய்தார். என்னை மன்னித்தாரா, அல்லது என்னைவிடப் பந்தல்கால் முக்கியம் என்று நினைத்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

பசை காய்வது முதலாளியின் கவலை. ஒட்டிய கிட்டாரை வில்லியனூரிலிருந்து பூரணாங்குப்பம் வரை கொண்டுபோவது என் கவலை. திரும்பி வந்ததும் சென்னை மொத்தக் கடைக்குப் போன் போட்டேன். முக்கால் அளவு கிட்டாருக்குப் பெட்டி என்னென்ன இருக்கிறதோ எல்லாவற்றிலும் ஒன்று நாளைக்கே பஸ்ஸில் போட்டு அனுப்புங்கள் என்றேன்.

சனிக்கிழமை மாலை இரண்டு வந்தன. ஒன்று சின்ன அளவிலேயே கெட்டிப் பெட்டி. பார்க்க அழகு, உள்ளே சிவப்பு வெல்வெட். இன்னொன்று ஃபோம் கேஸ். கனத்த ஃபோமை அச்சில் போட்டு, மேலே துணி ஒட்டியது, முதுகில் மாட்ட இரண்டு வார் இருந்தது. கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை.

முதலாளி கெட்டிப் பெட்டியைத் தட்டினார். “இதத்தாம்மா எடுக்கணும். ஒட்டுன கழுத்து. பாதுகாப்பு வேணும்.”

ஒரு நாள் முன்னால் என்றால் நானும் அதைத்தான் எடுத்திருப்பேன். அவர் முப்பது வருஷம் கருவி பழுது பார்த்தவர், நான் கவுன்ட்டர்காரி. இருந்தாலும் இறுக்கியை ஐந்து நிமிடம் கழற்றி, கழுத்தை அசைக்காமல் இரண்டிலும் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப இறுக்கிவிடலாம் என்றேன். இருவரும் பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி அந்தக் கிட்டாரைத் தூக்கினோம்.

கெட்டிப் பெட்டியில் உடம்பு அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. நான் ஒரு பில் காகிதத்தைக் கிழித்து, தலைக்கு அடியில் நுழைத்துப் பார்த்தேன். போகவில்லை. தலை பெட்டியின் அடிப்பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதாவது பெட்டி மல்லாக்க விழுந்தால் அடி நேராகத் தலைக்கு, அங்கிருந்து ஒட்டிய இடத்துக்கு.

“கழுத்துக்கு அடியில கொஞ்சம் ஸ்பாஞ்ச் வச்சு ஒசத்திட்டா சரியாயிடும்மா” என்றார்.

“மொதலாளி, போன தடவ நான் துண்டு வச்சேன்” என்றேன்.

அவர் கிட்டாரின் மறுபக்கத்தைப் பிடித்தார். ஃபோம் கேஸில் வைத்தோம். கழுத்து அதற்கென்று வெட்டிய மேட்டில் படுத்தது. தலை எதையும் தொடாமல் நின்றது, காகிதம் தடையில்லாமல் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. மூடிக் காதருகே பிடித்து மெல்ல ஆட்டினேன். சத்தமே இல்லை.

“எதுல போறீங்க?” என்றார் முதலாளி.

அந்தக் கேள்விதான். இளவரசியின் ஸ்கூட்டியில் போகிறோம். கனமான பெட்டியை வண்டியில் கட்டினால் ரோட்டின் ஒவ்வொரு குழியும் அதற்குள் போய்ச் சேரும். லேசான ஃபோம் கேஸை நான் முதுகில் மாட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தால், குழியை முதலில் வாங்குவது என் இடுப்பு. இடுப்பை ஒட்டப் பசை வேண்டாம், தைலம் போதும்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஃபோம் கேஸ்தான் உயர்ந்தது என்று இதைப் படித்துவிட்டு எல்லோர் தலையிலும் கட்டாதீர்கள். விமானத்தில் சாமானோடு போடுகிறவருக்கு அதைக் கொடுத்தால் அவர் திரும்பி வந்து உங்களைச் சும்மா விடமாட்டார். அவருக்குக் கெட்டிப் பெட்டிதான், ஆனால் தலை தொடாத பெட்டி. காரில் வைத்துப் பூட்டிவிட்டு வெயிலில் விடுகிற ஆளுக்கு எந்தப் பெட்டி கொடுத்தாலும் பிரயோஜனமில்லை, அவரிடம் கிட்டாரை இறக்கி எடுத்துப் போகும்படி சொல்லி அனுப்புங்கள். முதலில் ஆள் எதில் போகிறார், யார் தூக்குகிறார், எங்கே வைப்பார் என்று கேளுங்கள். கருவியைக் கொண்டுவரச் சொல்லி உள்ளே வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து வரச் சொன்னால் பாதிப் பேர் வருவார்கள். வராத பாதியைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

ஞாயிறு காலை முதலாளி இறுக்கியை எடுத்து, கம்பியைக் கட்டி, ஒவ்வொரு திருகையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினார். கழுத்து தாங்கியது. நான் முதுகில் மாட்டிக்கொண்டேன். தலைக்கவசத்துக்கு மேலே இன்னொரு தலை முளைத்த மாதிரி அது துருத்திக்கொண்டு நின்றது. கடைத்தெருவே பார்த்துச் சிரித்தது.

தவளக்குப்பம் தாண்டியதும் ஒரு ஆடு. ஆடு என்றால் ஒன்றாக வராதே, ஒன்று ஓடியதும் பின்னால் ஆறு வந்தன. இளவரசி பிரேக்கை அழுத்தினாள். நான் அவள் முதுகில் போய் மோதினேன். என் தலைக்கவசம் பின்னால் வந்து ஃபோம் கேஸில் ‘டொக்’ என்று இடித்தது.

இருவரும் இறங்கினோம். கடைசி ஆடு எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது.

“தெறந்து பாக்கலாமாக்கா?”

“வாணாம். அங்க போயி பாத்துக்கலாம்.”

“எனக்கு வண்டி ஓட்ட கை வராதுக்கா. பாத்துடலாம்.”

ரோட்டோரம் ஒரு டீக்கடை பெஞ்சில் வைத்து ஜிப்பைத் திறந்தேன். தலை அதன் இடத்தில் இருந்தது. இளவரசி கட்டைவிரலால் கம்பியை ஒரு முறை இழுத்துவிட்டாள். சுருதிகூட மாறவில்லை. டீக்கடைக்காரர், “ஒரு பாட்டு பாடிட்டுப் போங்கம்மா” என்றார். பத்து மணிக்கு இருபது நிமிடம் இருந்தது.

பந்தலில் கூட்டம் நிறைந்திருந்தது. தட்டுகள் வரிசையாக வைத்திருந்தார்கள். கலியமூர்த்தி வெள்ளைச் சட்டை, புது வேட்டியில் முன்னால் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபோம் கேஸைத் திறந்து கிட்டாரை மடியில் வைத்ததும் இடது கை தானாகப் போய் அதன் இடத்தில் உட்கார்ந்தது.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் மணியைப் பார்த்தார். “இன்னாபா, நல்ல நேரம் போவுது. மச்சான் யாரு, எழுந்து ஒரு வார்த்த சொல்லிட்டா தட்ட மாத்திடலாம்.”

மைத்துனர் பாதி எழுந்தார். கலியமூர்த்தி இடது கையைத் தூக்கி அவரை உட்காரச் சொன்னார். பந்தல் அடங்கியது. இளவரசி மீட்டினாள், அவர் தட்டினார்.

“எம் பொண்ணு...” என்று இழுத்துப் பாடினார். குரல் கரகரத்தது. “எம் பொண்ணு... சு... சு...”

நின்றுவிட்டது. மகளின் பெயர் வரவில்லை. தட்டிக்கொண்டிருந்த கையும் நின்றது. பெரியவர் தொண்டையைச் செருமினார். தேவகி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். இளவரசி நிறுத்தவில்லை. தலையை நிமிர்த்தாமல், அவசரப்படாமல், அதே மெட்டை முதலிலிருந்து மீட்டினாள். ஒரு சுற்று போனது. இரண்டாவது சுற்றில் அவர் விரல் பலகையில் பட்டது.

“எம் பொண்ணு சுகந்திய... ஒங்க வூட்டுக்கு... குடுக்குறேன்.”

பெண்கள் பக்கத்திலிருந்து குலவை கிளம்பியது. சுகந்தி மணையிலிருந்து எழுந்து ஓடிவந்து அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அட, தட்ட எடுங்கபா” என்று யாரையோ அதட்டினார். தட்டு மாறியது.

வந்த வேலை முடிந்தது, கடையைத் திறக்க வேண்டும் என்று நான் காலியான ஃபோம் கேஸை இளவரசியின் வண்டியில் வைத்துவிட்டுப் பஸ் பிடிக்க, அதை முதுகில் மாட்டிக்கொண்டு மெதுவாக வெளியே நகர்ந்தேன். யாரோ பின்னால் அந்தக் கேஸைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினேன். கலியமூர்த்தி. கிட்டார் மகள் கையில் இருந்தது. இளவரசி தூரத்தில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். மெட்டும் இல்லை, தாளமும் இல்லை.

“அத... அத...” என்றார். முகம் சிவந்தது. விடவில்லை. வாயைக் கோணி, காற்றை இழுத்து, எங்கிருந்தோ பிடுங்கி எடுத்தார்.

“சாப்டு... போ.”

தேவகி கையிலிருந்த வெற்றிலைத் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு, “டாக்டரம்மா! டாக்டரம்மா! இவரு பேசுறாரு!” என்று பந்தல் முழுக்கக் கேட்கக் கத்தினார்.

நான் போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன். பாயசம் மட்டும் மூன்று முறை வாங்கினேன்.